உச்சவரம்பும் ஒப்பந்தமும்: கால்பந்தாட்டக்காரர் ஊதியத்தின் வரலாறு

நம் நாட்டு மாநிலங்களுக்கிடையே 1941ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் கால்பந்தாட்டப் போட்டிக்குச் சந்தோஷ் கோப்பைப் போட்டி என்று பெயர். அதன் வெற்றியாளர் வரிசையில் ‘மைசூர்’ என்னும் பெயர் நான்கு இடங்களில் காணப்படுகிறது. 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு போட்டிகளிலும் மைசூர் அணி இறுதியாட்டத்தில் வங்காள அணியை வென்று கோப்பையைக் கைக்கொண்டது. 1973 நவம்பர் 1ஆம் நாள் நம் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. அப்பெயரோடு கோப்பையைப் பெறுவதற்கு மிக நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 மார்ச் 4ஆம் நாள் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் மேகாலய அணியை 3-2 என்னும் கோல் கணக்கில் வென்றபோதுதான், 54 ஆண்டுகளுக்குப் பின் கோப்பை மீண்டும் நம் மாநிலத்துக்கு வந்தது.

இவ்வெற்றிகளைப் பற்றிப் பேசுவோர் கோல்களை நினைவுகூர்வர். கோல் அடித்தவரின் பெயரையும் நினைவுகூர்வர். அவர் எதனைக் கொண்டு குடும்பம் நடத்தினார், மாதந்தோறும் அவருக்கு எவர் எவ்வளவு கொடுத்தனர், கால் முறிந்த மாதத்தில் அவர் வீட்டில் அடுப்பெரிந்ததா என்பனவற்றைக் கேட்போர் அரியர். ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. முப்பத்தைந்து வயதுக்குள் ஆடுகளத்தை விட்டு நீங்கும் ஆட்டக்காரரின் வாழ்க்கையோ அதன் பின்னரும் பல்லாண்டு தொடர்கிறது. ஆகவே ஊதியத்தின் வரலாறும் விளையாட்டின் வரலாற்றில் ஒரு பகுதியே. தொழில் தேடித் தாயகம் விட்டு இம்மண்ணிற் குடியேறிய குடும்பங்களாகிய நமக்கு அப்பகுதி மிகவும் நெருங்கியதும் ஆகும். ஆலைச் சங்கொலி கேட்டு எழுந்து, ஊதிய ஒப்பந்தம் எப்போது கையெழுத்தாகும் என்று எதிர்நோக்கி வாழ்ந்தவர்கள் அன்றோ நம் முன்னோர்?

இக்காலத்துத் தொழில்முறைக் கால்பந்தாட்டத்தில் ‘ஊதிய உச்சவரம்பு’ என்னும் சொல் அடிக்கடி வழங்குகிறது. நில உச்சவரம்பு நாம் அறிந்ததே. ஒருவர் இவ்வளவு நிலத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று சட்டம் வரையறுப்பது போல, ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டொன்றில் இவ்வளவு தொகைக்கு மேல் ஊதியமாகச் செலவிடலாகாது என்று லீக் அமைப்பு வரையறுப்பதே ஊதிய உச்சவரம்பாகும். அணிக்கு அன்றி ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனித்தனியே வரம்பு விதித்த நாடுகளும் உண்டு. செல்வம் மிக்க ஒரு கழகம் நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் தன்பால் இழுத்துக்கொள்ளாமல் தடுப்பதும், கழகங்கள் வரவுக்கு மேல் செலவு செய்து கடனில் மூழ்காமல் காப்பதும் இதன் நோக்கங்கள் என்பர். நோக்கம் நல்லதே. ஆனால் அந்த வரம்பை வகுப்பவர் யார், அதற்கு உடன்பட்டுக் கையொப்பம் இடுபவர் யார் என்பதைப் பொறுத்தே அதனால் விளையும் நன்மையும் தீமையும் அமைகின்றன. மூன்று நாடுகளின் வரலாற்றைக் கொண்டு இதனைக் காண்போம்.

நான்கு பவுன் வாரக்கூலி

கால்பந்தாட்டம் தொழிலாக மாறிய முதல் நாடு இங்கிலாந்து. அங்கும் தொடக்கத்தில் பணம் பெற்று ஆடுவது இழிவெனவே கருதப்பட்டது. எனினும், லங்காஷயர்ப் பகுதியின் பஞ்சாலை நகரங்களில் இருந்த கழகங்கள் ஸ்காட்லாந்திலிருந்து திறமை மிக்க ஆட்டக்காரர்களை வரவழைத்து, ஆலைகளில் வேலை தேடிக் கொடுத்துத் தம் அணிகளில் ஆடச் செய்தன. 1884இல் பிரஸ்டன் நகரக் கழகத்தின் தலைவரும் ஓர் ஆலையின் மேலாளருமான வில்லியம் சடெல் என்பார், தாம் அவ்வாறு செய்து வருவது உண்மையே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பெரும் பூசல் எழுந்தது. இறுதியில் 1885இல், ஊதியம் பெற்று ஆடுவதற்கு அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் இசைவு தந்தது. 1888இல் பன்னிரண்டு கழகங்கள் கூடி லீக் போட்டியைத் தொடங்கின. ஆலையில் வேலை கொடுத்து ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளும் இவ்வழக்கத்தை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்; பின்னர்ப் பெங்களூரிலும் அதனைக் காண்போம்.

ஊதியத்துக்கு இசைவு கிடைத்ததும், அதற்கு வரம்பு கட்டும் எண்ணமும் பிறந்தது. எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்னும் விதி 1901இல் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்துத் தொழிலாளியின் கூலியை நோக்க இது குறைவன்று. ஆயினும் பல்லாயிரம் மக்கள் கட்டணம் செலுத்திக் காண வந்த ஆட்டத்தின் நாயகனுக்கும், சாதாரண ஆட்டக்காரனுக்கும் அந்த வரம்பு ஒன்றே. இதனோடு மற்றொரு கட்டும் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும், பழைய கழகம் விடுவித்தாலன்றி ஆட்டக்காரர் வேறு கழகத்திற் சேர இயலாது. உழைப்புக்குரிய விலை ஏறவும் வழியில்லை. வேறிடம் செல்லவும் வழியில்லை. இவ்விரு விதிகளையும் வகுத்தவர்கள் கழக உரிமையாளர்களும் விளையாட்டுச் சங்கத்தின் நிருவாகிகளுமே. ஆட்டக்காரரின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

1907 டிசம்பரில் மான்செஸ்டர் நகரில் ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடித் தமக்கெனத் தொழிற்சங்கம் ஒன்றை நிறுவினர். முன்னின்றவர்களுள் ஒருவர் பில்லி மெரிடித். இளமையில் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். 1909இல், தொழிற்சங்கத்தை விட்டு விலகாதவர் ஆடலாகாது என்று மேலிடம் ஆணை பிறப்பித்தது. பலர் அஞ்சி விலகினர். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் ஆட்டக்காரர்கள் உறுதியாக நின்றனர். ‘விலக்கப்பட்டோர் கழகம்’ என்று பலகையில் எழுதி, அதனை முன்வைத்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டனர். அவர்தம் உறுதியால் தொழிற்சங்கம் பிழைத்தது. உச்சவரம்போ நீங்கவில்லை.

அது நீங்குவதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. இடையில் வரம்பு சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது: 1922இல் 8 பவுன், 1947இல் 12 பவுன், 1958இல் 20 பவுன். தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய ஜிம்மி ஹில், ஊர் ஊராகக் கூட்டங்கள் நடத்தி ஆட்டக்காரர்களை ஒன்றுதிரட்டினார். 1961 ஜனவரி 21ஆம் நாள் வேலைநிறுத்தம் என அறிவிக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்னர், ஜனவரி 18ஆம் நாள், லீக் அமைப்பு பணிந்து உச்சவரம்பை நீக்க இசைந்தது. விரைவிலேயே புல்ஹம் கழகத்தின் ஜானி ஹெயின்சுக்கு வாரம் 100 பவுன் ஊதியம் ஆயிற்று. 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவரைக் கட்டிவைக்கும் முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார். 1995 டிசம்பர் 15ஆம் நாள், பெல்ஜிய நாட்டு ஆட்டக்காரர் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால், ஒப்பந்தம் முடிந்தவர் ஈட்டுத்தொகை ஏதுமின்றி வேறு கழகம் செல்லும் உரிமையும் நிலைபெற்றது.

இதனால் விளைந்தது நன்மை மட்டுமே என்று கூறுவது நடுநிலை ஆகாது. 1960இல் ஏறத்தாழ எண்பதாயிரம் மக்களே வாழ்ந்த பர்ன்லி என்னும் ஆலை நகரத்தின் கழகம் இங்கிலாந்து லீகில் வாகை சூடியது. வரம்பு நீங்கிய பின் அக்கழகம் மீண்டும் அந்நிலையை எட்டியதில்லை. பெருநகரக் கழகங்கள் மிகுந்த ஊதியம் கொடுத்து நல்லவர்களை அழைத்துக்கொள்ள, சிறு நகரங்கள் பின்தங்கின. வரம்பு இருந்தால் ஆட்டக்காரர் நலிவர். இல்லாவிடில் சிறிய அணிகள் நலியும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டா என்று தேடியவர்கள் அமெரிக்கர்கள்.

இரு தரப்பார் கையொப்பம்

அமெரிக்கர் ‘கால்பந்து’ என்று வழங்கும் ஆட்டம் நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். ஆயினும் ஊதியப் பூசல் அங்கும் இத்தகையதே. 1987இல் அங்குள்ள ஆட்டக்காரர்கள் 24 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். உரிமையாளர்கள் மாற்று ஆட்களைக் கொண்டு ஆட்டங்களை நடத்தினர். வேலைநிறுத்தம் முறிந்தது, வழக்குகள் தொடர்ந்தன. முடிவில் 1993இல் இரு தரப்பாரும் அமர்ந்து பேசிக் கூட்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டனர். ஒப்பந்தம் முடிந்தவர் வேறு அணிக்குச் செல்லும் உரிமையை ஆட்டக்காரர் பெற்றனர். அதற்கு ஈடாக அணிகளின் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு வைக்க இசைந்தனர். 1994இல் அவ்வரம்பு ஓர் அணிக்கு 3 கோடியே 46 லட்சம் டாலராக இருந்தது. 2025இல் அது 27 கோடியே 92 லட்சம் டாலர்.

இத்துணை உயர்வு எங்ஙனம் வந்தது? வரம்பு என்பது உரிமையாளரின் விருப்பப்படி வைக்கப்பட்ட எண் அன்று. லீகின் வருவாயில் ஆட்டக்காரருக்கு உரிய பங்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டமையால், வருவாய் வளர வளர வரம்பும் வளர்ந்தது. மேலும் 2011ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, நான்கு ஆண்டுக் காலத்தைக் கணக்கிட்டால், ஒவ்வோர் அணியும் உச்சவரம்பில் 89 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஊதியமாகச் செலவிட்டிருக்க வேண்டும். மேலே கூரை வைத்தவர்கள் கீழே தரையும் இட்டனர். தனி ஆட்டக்காரருக்குக் குறைந்த அளவு ஊதியம், காயமுற்றோர்க்குப் பாதுகாப்பு, ஓய்வுக்காலத் தொகை ஆகியனவும் அதே ஒப்பந்தத்தில் இடம்பெற்றன. அவ்வொப்பந்தமும் எளிதில் வந்ததன்று. 2011 மார்ச்சு முதல் ஜூலை வரை உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்த பின்னரே அது கையெழுத்தாயிற்று.

கூரையும் தரையும் என்னும் இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம்.

பெங்களூர் ஆலைகளும் ஆட்டக்காரரும்

பெங்களூர்க் கண்டோன்மெண்டுப் பகுதியில் ஆங்கிலப் படையினர் ஆடிய கால்பந்தாட்டத்தை நம் மக்கள் விரைவிற் கற்றனர். பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகம் 1937இலும் 1938இலும் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் முதலிய பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வாட்டம் உயிருக்கு நிகரானது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக ஆடிய இந்திய அணி 1-2 எனத் தோற்றது. அந்த ஒரு கோல் ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் இந்தியாவின் முதல் கோல். அதை அடித்தவர் மைசூர் அணிக்காக ஆடிய சாரங்கபாணி ராமன். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம் பெற்ற இந்திய அணியில் பெங்களூரின் அருமைநாயகம் இருந்தார். பெங்களூரின் தன்ராஜும் அகமது கானும் கொல்கத்தா சென்று, கிழக்கு வங்கக் கழகத்தின் புகழ்பெற்ற ஐந்து முன்னணி ஆட்டக்காரருள் இருவராக விளங்கினர்.

இவர்கள் அனைவரும் விதிப்படி ஊதியம் பெறாத ஆர்வலர்களே. விளையாடுவதற்கெனச் சம்பளம் வாங்குவதை அக்கால விதிகள் ஏற்கவில்லை. அப்படியாயின் குடும்பம் நடந்தது எப்படி? இங்கிலாந்தின் பஞ்சாலை நகரங்களில் 1880களில் நடந்ததே இங்கும் நடந்தது. ரயில்வே, துறைமுகம், வங்கி, ஆலை ஆகியன ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்துத் தத்தம் அணிகளை அமைத்துக்கொண்டன. பெங்களூரில் 1940இல் இந்துஸ்தான் விமான ஆலையும், 1948இல் இந்தியத் தொலைபேசி ஆலையும், 1953இல் எச்.எம்.டி. ஆலையும், 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் தோன்றின. இத்தகைய நிறுவனங்களின் அணிகளே பின்னர் நகரத்தின் லீக் போட்டிகளுக்கு உயிரூட்டின. சென்னையில் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இந்தியன் வங்கியும் அவ்வாறே அணிகளை வளர்த்தன.

ஆலை அணியிற் சேர்ந்த இளைஞர் ஏட்டளவில் ஒரு பிட்டராகவோ எழுத்தராகவோ இருப்பார். அவருக்குக் கிடைத்த ஊதியம் பக்கத்து மேசைத் தொழிலாளி பெற்ற ஊதியமே. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, போனஸ், சேமநிதி, மருத்துவ வசதி, கான்டீன் உணவு, சிலருக்கு ஆலைக் குடியிருப்பில் வீடு என யாவும் அதில் அடங்கும். இவற்றை வகுத்தது கால்பந்துச் சங்கம் அன்று. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்கீழ் ஆலை நிருவாகமும் தொழிற்சங்கமும் பேசி முடித்த ஒப்பந்தமே வகுத்தது. அதற்குச் சட்டத்தின் வலு இருந்தது. 1972இல் பணிக்கொடைச் சட்டமும் வந்து சேர்ந்தது. ஆட்டத்தில் முழங்கால் முறிந்தாலும் வேலை போகாது. ஆடும் வயது கடந்தாலும் ஓய்வு வயது வரை சம்பளம் வரும். நம் மைசூரில் ரயில்வே பணிமனையையும், 1984 முதல் பெமல் ஆலையையும் சார்ந்து வாழ்ந்த குடும்பங்கள் இத்தகைய ஒப்பந்தங்களின் அருமையை நன்கறியும்.

அவ்வொப்பந்தங்கள் எவரும் மனமுவந்து ஈந்த கொடை அல்ல. வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் கோலார் தங்கவயலுக்குச் சென்று பாதாளத்தில் உழைத்த தமிழ்த் தொழிலாளர், 1930இலேயே விரல்ரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். 1980 டிசம்பர் இறுதியில் தொடங்கி, பெங்களூரின் பொதுத்துறை ஆலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு வேண்டி 77 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்த ஆலைகளின் ஊதியப் பட்டியலில் பெயர் இருந்த ஆட்டக்காரர் எவருக்கும், அப்போராட்டத்தின் இழப்பிலும் பயனிலும் பங்கு உண்டு. பந்தாட்டத் திறமைக்காக வேலை பெற்றவரின் சோற்றுக்குத் தொழிலாளர் ஒற்றுமையே காவலாக நின்றது.

இம்முறையிலும் குறை உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்கும் பெஞ்சில் அமர்ந்திருந்தவருக்கும் பதவி நிலை ஒன்றாயின் சம்பளமும் ஒன்றே. புகழின் உச்சியில் இருந்தவர் தம் திறமைக்குத் தக்க பொருளை ஈட்ட வழியில்லை. இங்கிலாந்தின் நான்கு பவுன் விதியைப் போல இதுவும் ஓர் உச்சவரம்பே. ஆயினும் அதன் கீழே உறுதியான தரை இருந்தது. எனவேதான், பிள்ளை பந்தாடப் போகிறான் என்றபோது அக்காலப் பெற்றோர் அஞ்சவில்லை. “ஆட்டம் நன்றாக இருந்தால் வேலை கிடைக்கும்” என்று அவர்களே சொல்லி அனுப்பினர்.

புதிய லீகும் பழைய வினாவும்

1996இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. 2007இல் அது ஐ-லீக் என மாறியது. ஆட்டக்காரர் வெளிப்படையாக ஊதியம் பெறும் காலம் பிறந்தது. அயல்நாட்டார் வந்தனர், ஒப்பந்தத் தொகைகள் உயர்ந்தன. நிறுவனங்களின் அணிகள் இப்போட்டியில் நிலைக்க இயலாமல் ஒவ்வொன்றாய் விலகின. 2010இல் மகிந்திரா அணி கலைக்கப்பட்டது, 2011இல் ஜே.சி.டி. ஆலை அணி கலைக்கப்பட்டது. நம் பெங்களூரின் இந்துஸ்தான் விமான ஆலை அணி 2010-11, 2011-12 ஆகிய இரு பருவங்கள் ஐ-லீகில் ஆடிப் பின்னர்க் கீழிறங்கியது. 2013இல் பெங்களூரு எப்.சி. என்னும் முழுத் தொழில்முறைக் கழகம் தோன்றி, முதற் பருவத்திலேயே ஐ-லீகில் வாகை சூடியது. ஆலைத் தொழிலாளியாய் இருந்த ஆட்டக்காரர் இருந்த இடத்தில், ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் ஊதியம் பெறும் ஆட்டக்காரர் வந்து நின்றார்.

இதற்கிடையில் 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ்-ஐ.எம்.ஜி. கூட்டு நிறுவனத்துக்கு அளித்தது. அதன் பயனாக 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. அமெரிக்க முறையைத் தழுவிய இந்த லீகில் அணிகளின் ஊதியத்துக்கு உச்சவரம்பு வைக்கப்பட்டது. 2020-21 பருவத்தில் அவ்வரம்பு ஓர் அணிக்கு 16.5 கோடி ரூபாய். இதனால் போட்டி ஒரு சிலரின் கைக்குள் அடங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதற் பத்துப் பருவங்களின் கோப்பைகள் கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, மும்பை, ஐதராபாத் ஆகிய ஐந்து நகரங்களுக்குச் சென்றன. சென்னையின் எப்.சி. 2015இலும் 2018இலும் வென்றது. பின்னதில் பெங்களூரிலேயே பெங்களூரு அணியை 3-2 என வீழ்த்தியது. அன்று எந்தப் பக்கம் நின்று கைதட்டுவது என்று நம் குடியிருப்புகளில் எழுந்த விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை!

ஆனால் அமெரிக்கரிடமிருந்து கூரையை எடுத்துக்கொண்டவர்கள் தரையை எடுத்துக்கொள்ளவில்லை. இந்திய ஆட்டக்காரர்களுக்கு 2006இல் ஒரு சங்கம் தோன்றியது. பாய்ச்சுங் பூட்டியா அதன் முன்னோடிகளில் ஒருவர். எனினும் லீக் விதித்த உச்சவரம்பு, அச்சங்கத்தோடு அமர்ந்து பேசிக் கையொப்பமிட்ட கூட்டு ஒப்பந்தத்தின் விளைவு அன்று. ஆட்டக்காரரின் பங்கு வருவாயில் இத்தனை விழுக்காடு என்னும் உறுதி அதில் இல்லை. 1901இல் இங்கிலாந்தில் இருந்த நிலைக்கும் இதற்கும் இவ்வகையில் வேற்றுமை சிறிதே.

இக்குறையின் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. 2022இல் கோப்பை வென்ற ஐதராபாத் கழகம், இரண்டே ஆண்டுகளுக்குள் ஊதியப் பாக்கியிற் சிக்கியது. புதிய ஆட்டக்காரரைச் சேர்க்கலாகாது என்ற தடைக்கு ஆளானதோடு, மூத்த ஆட்டக்காரர் பலரையும் இழந்தது. உச்சவரம்பு கழகங்களைக் கடனிலிருந்து காக்கும் என்றனர். வரம்பு இருந்தும் வாகை சூடிய அணியே சம்பளம் கொடுக்க இயலாமல் தவித்தது. செலவுக்கு மேல்வரம்பு கட்டுவதால் மட்டும் வரவு உறுதியாவதில்லை என்பது இதனால் விளங்கும்.

2025இல் இன்னும் பெரிய இடர் நேர்ந்தது. பதினைந்தாண்டு வணிக ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் முடிய இருந்தது. அடுத்த ஒப்பந்தம் பற்றித் தெளிவு ஏற்படாமையால், புதிய பருவம் நிறுத்திவைக்கப்படுவதாக ஜூலையில் கழகங்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரு எப்.சி., தன் முதல் அணியின் ஆட்டக்காரர்க்கும் ஊழியர்க்கும் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது, சென்னையின் எப்.சி. தன் பணிகளை நிறுத்திவைத்தது. லீக் பருவத்தின் ஓர் ஆட்டமும் தொடங்காமலேயே அவ்வாண்டு கழிந்தது. கழகங்கள் வருவாயின்றித் தவித்தமையும் உண்மையே. அவற்றின்மீது மட்டும் பழி சுமத்துதல் முறையன்று. ஆயினும் உரிமையாளருக்கும் சம்மேளனத்துக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் முடிவுறும் தறுவாயில், அதிற் கையொப்பமே இடாத ஆட்டக்காரரின் வீட்டில் சம்பளம் நின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டத்தின் துணையும் குறைவே. பத்திரிகையாளருக்கென 1955இல் தனிச் சட்டம் பிறந்தது. திரைப்படத் தொழிலாளருக்கென 1981இல் ஒரு சட்டம் பிறந்தது. 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், ‘தொழிலாளர்’ என்ற சொல்லுக்கு இலக்கணம் கூறுகையில் பத்திரிகையாளரையும் விற்பனைப் பெருக்க ஊழியரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. தொழில்முறை ஆட்டக்காரரின் பெயர் அதில் இல்லை. உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2018இல் வகுத்த விதி ஒன்று உண்டு. இரண்டு மாத ஊதியம் கொடுபடாவிட்டால், 15 நாள் அறிவிப்புத் தந்து ஆட்டக்காரர் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். நல்ல விதியே. ஆனால் லீகே நின்றுவிட்ட காலத்தில், விலகியவர் எங்கே சென்று சேர்வார்?

நாம் கேட்க வேண்டியவை

ஆலை வேலைக் காலம் மீண்டும் வரும் என்று நாம் கூறவில்லை. பொதுத்துறை ஆலைகள் பலவற்றில் பழைய ஆள் சேர்ப்பு இல்லை. விளையாட்டுப் பங்கில் ரயில்வே முதலியன தரும் வேலைகளும் விரும்புவோர் அனைவருக்கும் போதா. திறமை மிக்க ஆட்டக்காரர் தம் திறமைக்கேற்ற பொருள் ஈட்டுவதும் நியாயமே. உச்சவரம்பும் தன்னளவில் தீயதன்று; சிறிய நகரத்தின் அணியும் தலைநிமிர்ந்து ஆட அது துணை செய்யும். நாம் வரலாற்றிலிருந்து கற்பது இதுவே: வரம்புக்கு உட்படுபவர் அதனை வகுக்கும் மேசையில் அமர்ந்திருத்தல் வேண்டும், மேல்வரம்பு எழுதப்படும் தாளிலேயே கீழ்வரம்பும் எழுதப்படுதல் வேண்டும். இங்கிலாந்தின் ஆட்டக்காரர் முதல் விதியைக் கற்க அறுபது ஆண்டுகள் ஆயின. பெங்களூர் ஆலைத் தொழிலாளர் இரண்டாவதைத் தம் உழைப்பாலும் ஒற்றுமையாலும் கண்டறிந்தனர். இவ்விரண்டையும் ஒன்று சேர்ப்பதே இந்தியக் கால்பந்தாட்டத்தின் முன் உள்ள பணி.

நம் குடியிருப்புகளின் திடல்களில் மாலைதோறும் பிள்ளைகள் பந்தாடுகின்றனர். அவர்களுள் ஒருவரை நாளை ஒரு கழகம் அழைக்கலாம். அப்போது பெற்றோர் தொகையை மட்டும் பார்த்து மகிழ்ந்து கையெழுத்திடலாகாது. ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு உரியது, பருவம் நின்றுபோனால் ஊதியம் உண்டா, காயமுற்றால் மருத்துவச் செலவு யாரைச் சார்ந்தது, ஓய்வுக்குப் பின் உதவும் சேமநிதி உண்டா, படிப்பைத் தொடர இடம் தரப்படுமா, ஆட்டக்காரர் சங்கத்தில் உறுப்பினராக எவ்விதத் தடையேனும் உண்டா என்னும் ஆறு வினாக்களையும் கேட்டு, விடைகளை எழுத்தில் பெறுதல் வேண்டும். ஊதிய ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்துப் பழகிய முதியோர் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். ஆலையில் அவர்கள் பெற்ற அவ்வறிவு இன்று பந்தாடும் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்படட்டும்.